மூணாவது ஓட்டம்

ரெண்டு ப்ராசஸர ஒப்பிட்டுப் பாக்கணும்னா, பின்னணியில ஓடுற ப்ரோக்ராம் எல்லாத்தையும் முதல்ல மூடணும் சார். பாதிப் பேரு இதச் செய்யறதே இல்ல. ஒரு பக்கம் பாட்டு ஓடும், அப்படியே டெஸ்ட்ட ஓட்டிட்டு என்னோடதுதான் வேகம்னு பீத்திக்குவாங்க. எனக்கு அது ஆகாது.

எங்க வீட்ல ரெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணு அண்ணன் போன மாசம் வாங்குனது. இன்னொண்ணு என்னோடது, மூணு வருஷப் பழசு. ரெண்டுலயும் ப்ராசஸர் வேற வேற கம்பெனி. அவனோடது ஆரம்பத்துல பறக்கும், பத்து நிமிஷத்துல சூடேறி மூச்சு வாங்கும். என்னோடது நிதானம். அதனால அரைமணி நேர டெஸ்ட்ட மூணு தடவை ஓட்டி சராசரி எடுக்கறதுதான் நியாயம். இத அவன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன், காதுலயே வாங்கல.

அப்பா ஹால்ல கட்டில்ல இருந்தாரு. நுரையீரல் போயிடுச்சு, மூக்குல ஆக்சிஜன் குழாய், விரல்ல ஒரு க்ளிப். ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு அந்த க்ளிப் அனுப்பற எண் என் கம்ப்யூட்டருக்கு வரும். தொண்ணூறுக்குக் கீழ போனா வீட்டுப் பின்னாடி வரைக்கும் கேக்கற மாதிரி அலாரம் அடிக்கும். நான்தான் அத அமைச்சேன். அதுக்கு முன்னாடி அம்மா ரெண்டு மாசமா கட்டில விட்டு நகரல. "இனி சத்தம் கேட்டா வந்தா போதும்மா"ன்னு சொன்னதுக்கப்புறம்தான் நிம்மதியா குளிக்கவே போனாங்க.

ஏன் என் கம்ப்யூட்டர்லன்னு கேளுங்க. அண்ணன் சொன்னான், "என்னோடதுல வேலை நடக்குதுடி. உன் டப்பா சும்மாத்தானே கிடக்கு, அப்பா மூச்ச எண்ணட்டும்." அம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் யாரு வீட்டுக்கு வந்தாலும் அவங்க முன்னாடியே கேப்பான், "என்னடி, உன் ப்ராசஸர் எண்ணுதா, தூங்கிடுச்சா?"

அப்பாவோட அலாரம் ப்ரோக்ராம் ப்ராசஸர் சக்தியில ரெண்டு, மூணு சதவீதம்தான் இழுக்கும். ஆனா அவனோடதுக்கு அந்தச் சுமையே இல்லையே. உன்னோடதுலயும் ஓடவிடு, அப்பதான் சமம்னு கேட்டுப் பாத்தேன்.

"தோத்தா சொல்றதுக்கு இப்பவே காரணம் தேடறியா? போடி, போய் உன் டப்பாவுல தூசி தட்டு."

மூணு ஓட்டத்துக்கு மட்டும் ஒருவழியா ஒத்துக்கிட்டான். அவன் மெஷின்ல மூணும் முந்தின நாளே முடிஞ்சிடுச்சு. மறுநாள் காலைல அவன் வேலைக்குப் போனான், அம்மா பின்னாடி துணி துவைக்கப் போனாங்க. என் மேஜை அப்பாவோட கால்மாட்டுலதான். பாட்டு, மெயில் எல்லாத்தையும் மூடினேன். கடைசியா அப்பாவோடத. 'நிச்சயமா மூடவா'ன்னு கேட்டுச்சு. ஆமான்னு அழுத்தினேன். அம்மாகிட்ட சொல்லல. சொன்னா "அப்புறம் பண்ணிக்கலாமே"ம்பாங்க. அவங்க சொல்ற அப்புறம் வந்ததே இல்ல.

முதல் ஓட்டத்துல மயிரிழையில நான் முன்னாடி. ரெண்டாவதுல அவன் முன்னாடி. எல்லாமே மூணாவதுலதான் இருந்துச்சு.

அதுல இருபத்தோராவது நிமிஷம் அப்பா இருமிட்டுத் திரும்பினாரு. குழாய் மூக்க விட்டுக் கன்னத்துக்கு வந்துடுச்சு. அவரால கைய அவ்வளவு தூரம் தூக்க முடியாது. க்ளிப்ப வெச்சுக் கட்டில் கம்பியில தட்டினாரு. மெதுவாத்தான். என்னைப் பாத்துட்டே தட்டினாரு. இன்னும் ஒன்பது நிமிஷம் இருந்துச்சு.

நீங்க நேத்து கேட்டீங்க, குழாயச் சரி பண்றதுக்குக் கம்ப்யூட்டரத் தொடவே வேண்டாமேன்னு. வேண்டாம்தான் சார். ரெண்டு செகண்ட் வேலை. ஆனா மூச்சு வந்ததும் அவரு முதல்ல அம்மாவத்தான் கூப்பிடுவாரு. அம்மா வந்தா ஏன் அலாரம் அடிக்கலன்னு கேப்பாங்க, அந்த நிமிஷமே ப்ரோக்ராம ஓடவிடச் சொல்லுவாங்க. மூணாவது ஓட்டம் போச்சு. மூணாவது இல்லாத சராசரிய அண்ணன் ஒத்துக்கவே மாட்டான்.

தட்டற சத்தம் ஒரு நாலு நிமிஷம் கேட்டுச்சு. அப்புறம் இல்ல. நான் திரையில சூட்டு அளவ மட்டும் பாத்துட்டு இருந்தேன், அறுபத்தெட்டு டிகிரிக்கு மேல ஏறவே இல்ல.

சராசரியில நான் நாப்பத்தோரு புள்ளி முன்னாடி. திரையப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அப்புறம்தான் ப்ரோக்ராமத் திறந்தேன். திறந்த உடனே அலாரம் அடிச்சுது. அம்மா சோப்புக் கையோட ஓடி வந்தாங்க.

அண்ணன் அழுதுகிட்டேதான் கேட்டான். "நீ படம் அனுப்புனது பதினொன்னு அம்பத்திரண்டு. அம்மா எனக்கு போன் பண்ணி, இப்பத்தான் அலாரம் அடிச்சுதுன்னு கதறுனது அம்பத்தாறு. நடுவுல நாலு நிமிஷம் என்னடி பண்ணிட்டு இருந்த?"

முடிவுகள எழுதிட்டு இருந்தேன். சூடு, வேகம், சராசரி, எல்லாம் விவரமா. அவன் இன்னும் அத ஒரு தடவை கூடப் படிக்கல.

ப்ரோக்ராம மூடுனது நான். குழாய் நகர்ந்ததப் பாத்ததும், தட்டினதக் கேட்டதும் நான்தான். எங்க வேணா கையெழுத்துப் போடறேன். ஆனா நான் கேட்டப்பவே அவன் மெஷின்லயும் அத ஓடவிட்டிருந்தா, எதையும் மூட வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது. அப்பா இன்னைக்கு இருந்திருப்பாரு. அவனையும் கூப்பிட்டு விசாரிங்க சார். ஒரு பக்கத்த மட்டும் பாத்துட்டு முடிவு எழுதக் கூடாது.