சம்பந்தி வாயில் நான் ஊட்டிய கொழுப்பு

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், எங்கள் நாரின் நகரத் தீப்புண் கண்டோர் சங்கத் தலைவி கனிகேய் அம்மையார் அவர்களே! வெண்கம்பளித் தொப்பியும் வெண்தாடியுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! வெந்த காயத்தை வெளியில் மறைத்து, வேதனையை உள்ளே பூட்டி வைத்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் அனார்கானின் பணிவான வணக்கம்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். நான் வாழ்த்த வரவில்லை. வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறேன்!

இதோ அமர்ந்திருக்கிறாரே, என் மருமகள் மீரிமின் தாய், என் சம்பந்தி புருல்சா. எட்டு ஆண்டுகளுக்கு முன் தேநீர்க் கடையில் எரிவாயு உருளை வெடித்து, அவருடைய இடக்கன்னம் குழிந்து போனது. அவர் வயிற்றுக் கொழுப்பையே எடுத்து அந்தக் குழியை நிரப்பினார்கள். நின்றதா? ஆறே மாதத்தில் கரைந்தது! கொழுப்பு மட்டுமா கரைந்தது? சிரிப்பு கரைந்தது. சந்தைக்குப் போகும் தைரியம் கரைந்தது.

சென்ற ஆண்டு மே மாதம் தலைநகரிலிருந்து டாக்டர் தமிர்பெக் வந்தார். புருல்சாவின் ரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் நீரைப் பிரித்து, கொழுப்போடு கலந்து வைக்கலாம் என்றார். பிடுங்கி நட்ட செடிக்கு வேர் பிடிக்கும்வரை ஊற்றும் தண்ணீர் மாதிரி என்று எங்களுக்கு விளக்கினார்.

"சத்தியம் பண்ண மாட்டேன் அக்கா. ஆனா இந்தத் தடவை நிக்க வாய்ப்பு அதிகம். உங்க ஒடம்புல எடுக்க இருக்கிற கொழுப்பு இன்னும் ஒரு தடவைக்குத்தான் காணும். அதனால இன்னைக்கு ராத்திரியிலேர்ந்து வயித்தைக் காயப் போடுங்க" என்றார்.

அதாவது, கடைசி வாய்ப்பு!

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆபரேஷனுக்கு முன்னால் என் மகனுக்கும் மீரிமுக்கும் சம்பந்தம் உறுதியாகட்டுமென்று, செம்மறி வால் கொழுப்பும் ஈரலும் தட்டில் ஏந்தி அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். பெண்ணைப் பெற்றவர் அதைத் தின்றால் கல்யாணம் நிச்சயம், மறுத்தால் முறிந்தது. இது நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம். இந்தக் கையால் ஊட்டினேன். ஒரு துண்டா? மூன்று துண்டு!

பத்து மணிக்கு ரத்தம் எடுத்துச் சுழற்றினார்கள். டாக்டர் குழாயைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. மேலே மஞ்சளாய்த் தெளிந்திருக்க வேண்டிய நீர் வெள்ளை வெளேரென்று நின்றது! பால், ஐயா, பால்! ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து பால் வருமா?

"இவ்வளவு கொழுப்பை யாரு குடுத்தது?" என்று அலறினார் டாக்டர்.

"நான்தான் டாக்டர்! கன்னத்துல கொழுப்பு வைக்கப் போறீங்க, வயித்துலயும் கொஞ்சம் இருந்தா நல்லதுதானே?" என்றேன்.

சிரிக்காதீர்கள் அம்மா. டாக்டர் சிரிக்கவில்லை.

"இது உதவாது. அக்கா, நீங்க ஏன் தின்னீங்க? நான் அவ்வளவு சொன்னேனே!"

புருல்சா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேண்டாம்னா சம்பந்தமே வேண்டாம்னு ஆயிடுமே டாக்டர். எம்பொண்ணு அந்தப் பையனத்தான் கட்டுவேன்னு நிக்கிறா. மூஞ்சி என்னோடது. வாழ்க்கை அவளோடதில்லியா?"

அவையோரே! நான் ஊட்டியது விருந்தா? வினையா? வாய் நிறையக் கொடுத்தேனே, வாய் திறந்து மறுக்க இடம் கொடுத்தேனா?

"நாளைக்குக் காலையில மறுபடி எடுக்கறேன். மத்தியானம் கிளம்பிடுவேன். அதுக்குள்ள ஒரு வாய் போச்சுன்னா என்னைக் கேக்காதீங்க" என்றார் டாக்டர்.

அன்று வார்டு வாசலில் நான் நாற்காலி போட்டேன். கிண்ணம் கிண்ணமாக வந்தது ஊர். என் வீட்டுக்காரரே சூப்போடு வந்தார்.

"படுத்திருக்கிறவளுக்குச் சூப்பு குடுக்காதவளா நீ? ஊர் காறித் துப்பும்டி!"

"துப்பட்டும்! ஓரடி உள்ள வெச்சீங்க, சூப்பு உங்க தலையில!"

வீட்டுக்காரரே, எங்கே மறைகிறீர்கள்? எழுந்து நில்லுங்கள், உங்களைத்தான் சொல்கிறேன்!

மறுநாள் குழாயில் மஞ்சள் நீர் தெளிவாய் நின்றது. அதைக் கொழுப்போடு கலந்து கன்னத்தில் வைத்தார்கள். ஓர் ஆண்டு ஓடிவிட்டது; கன்னம் நிற்கிறது. தட்டணுவால் நின்றதா, தானே நின்றதா என்று ஒரு முகத்தை வைத்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நேர்மையான மனிதர். ஆனால் ஒன்றை நான் சொல்வேன். ஒரு தாய் தன் முகத்தையே மென்று விழுங்கினாள், நம் மரியாதைக்காக! அப்படிப்பட்ட மரியாதை நமக்குத் தேவையா?

பேச்சு முடிந்ததும் விருந்து இருக்கிறது. ஊரறியக் கேட்கிறேன். சம்பந்தியம்மா, வால் கொழுப்பு ஒரு துண்டு ஊட்டட்டுமா?

கேட்டீர்களா? "வேண்டாம் அனார்கான்" என்கிறார்! உரக்கச் சொல்லுங்கள் அம்மா... "வேண்டாம்!" என் மருமகள் பெட்டியைக் கட்டினாளா? என் மகன் முகம் திருப்பினானா? ஒன்றும் முறியவில்லை, ஐயா, ஒன்றுமே முறியவில்லை!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், என்னை மன்னித்த அந்த முகத்துக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.