பின் சக்கரமும் ஒரு சேவலும்

— ஒட்டுப் போட்டாச்சுல்லண்ணே? சக்கரத்த மாட்டி விட்டுருங்க, கெளம்புறேன்.

— மாட்டுனா போதுமா? நேரா நிக்க வேணாமா?

— கம்பியில அளவுக்கோடு இருக்குல்ல, ரெண்டு பக்கமும் மூணாவது கோட்டுல வைங்க. நான் எப்பவும் அப்படித்தான் வைப்பேன்.

— அதான் வண்டி நண்டாட்டம் போகுது. வாழைத்தார் ஏத்தணும்னு பின்பக்கக் கம்பிய அறுத்து, நீட்டி, வெல்டு வச்சிருக்க. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சல். அப்புறம் கோட்ட நம்பி என்ன பிரயோஜனம்?

— கம்பாலாவுல ஆள் ஏத்துற பைக் பூரா இப்படித்தாண்ணே ஓடுது!

— ஓடுது, விழுது. இந்தா, பின் டயரச் சுத்தி இழுத்திருக்கேன், இந்த நூல் முனைய முன் சக்கரத்துகிட்ட பிடி. கீழ மண்டி போடு.

— வெள்ளை அங்கிண்ணே! இன்னிக்கு எனக்குப் பொண்ணு கேக்குற சடங்கு. என் ஆளுங்கல்லாம் முன்னாடியே போயாச்சு. நேரம் தாண்டுனா பொண்ணு வீட்டுல கதவச் சாத்திருவாங்க.

— ஓ, மாப்பிள்ளையா! அதான் கூடையில சேவலா? யார் வீட்டுப் பொண்ணு?

— மேட்டுத் தெரு நபோசா. சேவல் அவ அண்ணனுக்கு. அவன் கை நீட்டி வாங்குனாத்தான் பொண்ணு.

— ம். நூல இழுத்துப் பிடி. ஆட்டாத.

— அந்த அண்ணன்காரன் முபிருதாண்ணே கெடச்சபாடில்ல, நான் அவன் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. அப்பா காப்பித் தோட்டத்த வித்துட்டாருன்னு சண்டை போட்டுட்டுப் போனவன், வீட்டுப் படி மிதிக்கல. சரியான தடியன்!

— தடியனா?

— பின்ன? தங்கச்சிய விட வீம்பு பெருசாப் போச்சு அவனுக்கு!

— வாய மூடிட்டு நூலப் பாரு. எங்க படுது?

— இந்தப் பக்கம் முன் டயர்ல இடிக்குது. அந்தப் பக்கம்... ஐயோ, நடுவுல ரெண்டு விரல் போகுதே! இவ்வளவு கோணலாவா ஓட்டிட்டு இருந்தேன்?

— இடது நட்டத் தளர்த்துறேன். இப்ப?

— இன்னும் கொஞ்சம். போதும், போதும்! ரெண்டு பக்கமும் ஒண்ணாயிருச்சு.

— முட்டியெல்லாம் சேறு. அங்கி போச்சு போ.

— போகட்டும்ணே. முபிரு வரலன்னா சேவல அவ சித்தப்பா வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்காரு.

— அப்புறமென்ன, சித்தப்பா கையில குடுத்துட்டுப் பொண்ணக் கூட்டிட்டுப் போ.

— நபோசா ஒத்துக்க மாட்டேங்குறா. முபிரு வராம அறைய விட்டு வெளிய வரமாட்டாளாம். சோறு தண்ணி இல்லாம அழுதுட்டுக் கெடக்கா.

— யார் சொன்னா?

— அவ அத்தைதான். காலைல போன் பண்ணி அவங்களும் அழுதாங்க... ஏண்ணே, நட்ட முறுக்காம அப்படியே நிக்கிறீங்க? கதவச் சாத்திருவாங்கண்ணே!

— சாத்த மாட்டாங்க.

— அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

— முன்னாடி தள்ளி உக்காரு மாப்ள. முபிரு நான்தான். நட்ட முறுக்கிட்டு, கை கழுவிட்டு வரேன்.