மேசைமேல் இருக்கும் ஆவாரம்பூ

தலைமை ஏற்றிருக்கும் நம் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, உட்கார இடமில்லாமல் நின்றாலும் முகம் சுளிக்காத தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தப் பழைய லாரி ஓட்டுநரின் வணக்கம்!

சிறந்த வீட்டுத் தோட்டம் என்று எனக்குப் பரிசு தருகிறீர்கள். எது தோட்டம்? தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு முழ மண். அதில் ஓர் ஆவாரஞ்செடி. ஏன் வளர்த்தேன்? இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட என் மனைவிக்கு அந்த ஒரு சன்னல்தான் உலகம். "மதிலையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சுங்க" என்றாள்.

ஆவாரை விதை கல்நெஞ்சுக்காரி. வெந்நீரில் ஊறினால்தான் இளகும். இடம் மாற்றி நட்டால் வேர் கோபித்துக்கொள்ளும். அதனால் சன்னலுக்கு நேரேயே விதைத்தேன். செல்லம் கொடுத்துத் தண்ணீர் ஊற்றினால் அழுகும். அதனால் வாளியைத் தள்ளி வைத்து, ஆசையையும் அடக்கிக்கொண்டேன்.

"பெரியவரே, ரோட்டோரக் களைக்குப் போயி காவல் காக்குறீங்களே!" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். அதோ குனிந்துகொள்கிறார்! நிமிருங்கள் ஐயா, களை என்ற நீங்கள் கத்தரியை எடுக்கவில்லையே!

போன வாரம் மொட்டைப் பார்த்தே பரிசு என்றீர்கள். நேற்று மாலை பூத்தது. முதல் பூ! "ஏங்க, லைட்டைப் போடாதீங்க, இந்த மஞ்சளே போதும்" என்றாள் அவள்.

இன்று காலை, சலவைக்குப் போட்ட சட்டையை வாங்கப் போயிருந்தேன். மேடை அலங்காரக்காரர்கள் வந்தார்கள். பூவை வெட்டினார்கள், கிளையை வெட்டினார்கள், கட்டையை மட்டும் விட்டார்கள். யாருக்காக? எனக்காக! செடி வளர்த்தவனைச் சிறப்பிக்கச் செடியை வெட்டினீர்கள்! சன்னலுக்குள்ளிருந்து அவள் கத்தியிருக்கிறாள். "சும்மா இருங்கம்மா, உங்க வீட்டுக்காரருக்குத்தான் மரியாதை பண்றோம்" என்றார்களாம்.

என்ன தலைவரே, கடிகாரத்தைக் காட்டுகிறீர்கள்? இப்போது சொல்லாமல் எப்போது சொல்வேன்? மைக் இப்போதுதானே கையில் இருக்கிறது!

யாரும் கைதட்ட வேண்டாம். கைதட்டினால் கட்டை தழைக்குமா? கேடயம் பூக்குமா? வாழ்த்துரை வேர் விடுமா? ஆவாரை மானமுள்ள செடி. வெட்டிய இடத்திலேயே தழைக்கும். அது தழைத்துப் பூக்கும்வரை அவள் இருக்க வேண்டுமே!

கேடயம் இங்கேயே இருக்கட்டும். மேசைமேல் சாடியில் இருக்கும் பூவை நான் எடுத்துக்கொள்கிறேன். வாடுவதற்குள் வீடு சேர வேண்டும். தையல்காரரே, அந்தச் சாடியைக் கொஞ்சம் பிடியுங்கள், தண்ணீர் சிந்தாமல்.

வழிவிடும் தாய்மார்களுக்கு நன்றி. மற்றவர்களுக்கு வணக்கம்.