மெஷின் நல்லாத்தான் இருக்கு

காரைக்காலில் நான் ஏறிய பேருந்தில், முன் இருக்கையில் நாற்பது வயதைத் தாண்டிய நண்பர்கள் இருவர் இருந்தார்கள். சன்னலோரம் இருந்தவர் திடீரென்று, "நேத்தும் மூணாவது ரவுண்டுலயே செத்துட்டேன் மாப்ள" என்றார். நான் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன்.

"அந்த வீடியோ கேம் பெட்டியிலயா?"

"இல்ல, அந்தக் காலத்துல கடையில காசு போட்டு ஆடுவோமே, அந்த ஒரிஜினல் மெஷின்ல. அந்தச் சின்னப் பெட்டியில பழைய மெஷினோட சர்க்யூட் மாதிரியே செஞ்சு வச்சிருக்கான். எல்லா கேமும் ஓடும். ஆனா தோக்குறப்பல்லாம், 'இது நகல், பட்டனை அமுக்குனா லேட்டா கேக்குது'ன்னு வீட்ல சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"அதுக்காக பீரோ சைசுல ஒரு மெஷினை வாங்குனியா?"

"வாங்கி, கதவு நிலையைப் பேத்து உள்ள கொண்டாந்தேன். எம் பொண்டாட்டி ஸ்டெல்லா ஒரு வாரம் நான் ஆடுறதைப் பாத்தா. நேத்து பக்கத்துல வந்து நின்னு, 'மெஷின் நல்லாத்தாங்க இருக்கு'ன்னா."

நண்பர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "இப்ப என்ன பண்ணப் போற?"

"மறுபடி பெட்டியிலயே ஆடப் போறேன். அதுலன்னாத்தான் பழி போட ஒண்ணு இருக்கு."

போலகத்தில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள்.