விழப் பழகும் வகுப்பு

நான் நின்றுகொண்டே பேசுகிறேன் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்தால் என் கால் சும்மா இருக்காது, மேசையைத் தட்டும், நீங்கள் எழுதுவதும் கோணலாகப் போகும். வீட்டிலும் இப்படித்தான், குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "பூனைகூட ஒரு இடத்துல உக்காருது" என்பாள் என் மனைவி.

டயர் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறுதோறும் நடிப்பு வகுப்பு நடத்துகிறேன். பெரிய நடிகர்களை உருவாக்கும் இடமெல்லாம் இல்லை. வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், ஒரு பல் டாக்டர், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்கள் வருவார்கள். முதலில் அவர்களுக்கு விழக் கற்றுக்கொடுப்பேன். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாயவேண்டும், பின்னால் நிற்பவர் தாங்கிப் பிடிக்கவேண்டும். சாய்கிறவர் "இருக்கீங்களா?" என்பார். பிடிக்கிறவர் "இருக்கேன்" என்பார். "வரேன்." "வாங்க." அந்த "வாங்க" காதில் விழுந்த பிறகுதான் உடம்பு போகவேண்டும். புதிதாக வருகிறவர்கள் "வரேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கிளம்புகிற ஞாபகத்தில் வாசலைப் பார்ப்பார்கள். எல்லாரும் சிரிப்போம். பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும்.

தையல்காரி எங்கள் மேடைத் திரைக்கு அளவெடுக்க வந்தவள். வேலை முடிந்ததும், "அண்ணே, நானும் ஒரு தடவ விழுந்து பாக்கட்டுமா?" என்றாள். விழுந்தாள். அவள் எடை முழுவதும் என் கைக்கு வந்தது. அதுவரை என் வகுப்பில் யாரும் என்மேல் அப்படி விழுந்ததில்லை. கடைசி நொடியில் ஒரு காலைப் பின்னால் வைத்துவிடுவார்கள். அது மனித சுபாவம் என்று நான் பாடமே நடத்தியிருக்கிறேன்.

அன்றிலிருந்து அவள் தவறாமல் வந்தாள். பிறகு அவளும் பிடிக்க ஆரம்பித்தாள். என்னிடம் இத்தனை வருஷமாகக் காலைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்த பல் டாக்டர், அவள் கையில் வெட்டிய மரம் மாதிரி விழுந்தார். "எப்படி டாக்டர்?" என்றேன். "தெரியல மாஸ்டர். அவங்க இருந்தா பயம் வரமாட்டேங்குது" என்றார்.

பொறாமை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். ஆனால் நிம்மதி போய்விட்டது, அதை மறைக்கவில்லை. பல் தேய்க்கும்போது என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பஸ்ஸில் ஏறினால் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பேன். ஒருநாள் சமையலறையில் மனைவியைச் சாய்ந்து பார்க்கச் சொன்னேன். "இடுப்பு வலியோட எனக்கு இது வேறயா" என்று முனகிக்கொண்டே திரும்பி நின்றாள். அவளும் காலைப் பின்னால் வைத்தாள்.

அதற்கடுத்த வகுப்பில் தையல்காரி எல்லார் முன்னிலையிலும், "இன்னைக்கு மாஸ்டர் விழட்டும், நான் பிடிக்கிறேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் கண்ணை மூடினேன். "இருக்கேண்ணே" என்றாள், "வாங்கண்ணே" என்றாள். என் கால் தானாகப் பின்னால் போனது. திரும்பச் செய்தேன், திரும்பவும் போனது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அவள் என் முதுகைத் தட்டி, "பரவால்லண்ணே, பழக்கமில்ல" என்றாள்.

அப்புறம் வகுப்புக்கு 'அக்கா கிளாஸ்' என்று பெயர் வந்துவிட்டது. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணே, சனிக்கிழம ஹால் சும்மாதானே கெடக்கு? நான் தனியா ஒரு கிளாஸ் வச்சுக்கட்டுமா? நீங்க வேணாம்னா வேணாம்." நான் தாராளமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண், அதில் சந்தேகமே இல்லை.

அவளுக்கு வராத ஒன்று எனக்கு வரும் சார். எங்கே நின்று பேசினாலும் கேட்கிறவரின் காதோரம் பேசுவதுபோல் குரலை வைக்க எனக்குத் தெரியும். மேடையில் வருஷக்கணக்காகப் பழகியது. இந்த ஜன்னல் பக்கம் போய் நின்று காட்டட்டுமா? சரி, வேண்டாம்.

போன ஞாயிறு புதியவர்கள் சிலர் வந்திருந்தார்கள். "இன்னைக்கு யாரும் பாக்க வேணாம், எல்லாரும் கண்ண மூடிக்குங்க. நம்பிக்க எப்படிக் கேக்குதுன்னு காதால கேளுங்க" என்றேன். நல்ல பயிற்சிதான், இப்போதும் சொல்கிறேன். வழக்கமாக அறையின் நடுவில்தான் செய்வோம். அன்றைக்குத் தையல்காரியை மேடைப்பக்கம் முதுகு காட்டி நிற்க வைத்தேன். மேடை முழங்கால் உயரம், விளிம்பு சிமென்ட். அதில் சாத்தி வைத்திருக்கும் மெத்தையைக் காலையிலேயே மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டேன். மெத்தை ஈரமாக இல்லை.

"இருக்கீங்களாண்ணே?" என்றாள். "இருக்கேம்மா" என்றேன். அப்போது அவளுக்கும் மேடைக்கும் நடுவில்தான் நின்றேன். பிறகு வெறுங்காலோடு சத்தமில்லாமல் ஜன்னலோரம் போனேன். "வரேன்" என்றாள். ஜன்னலோரத்தில் இருந்தபடியே, "வாம்மா" என்பதை அவள் காதருகில் வைத்தேன். அவ்வளவு சுத்தமாக நான் மேடையில்கூடப் பேசியதில்லை. அவள் சாய்ந்தாள். கால் பின்னால் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை போகவில்லை.

சத்தம் கேட்டு மற்றவர்கள் கண்ணைத் திறப்பதற்குள் நான் ஓடிவந்துவிட்டேன், அவள் தலை என் மடியில் இருந்தது. மாஸ்டர் குரல் அக்கா பின்னாலேயே கேட்டது என்று அத்தனை பேரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, கேட்டதைச் சொன்னார்கள்.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மேடை விளிம்பில் முதுகெலும்பு அடிபட்டதில், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாதாம். இனி தையல் மெஷினை மிதிக்க முடியாது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெசனப்படாதீங்கண்ணே. கை தவறிடுச்சு. யாருக்கும் தவறும். போலீஸ்லயும் அப்படித்தான் சொல்லிருக்கேன்" என்றாள். 'கை தவறிடுச்சு' என்ற அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. வெளியே வந்தால் படிக்கட்டில் பல் டாக்டர் மற்றவர்களிடம், "பாவம், மாஸ்டருக்கு வயசாயிடுச்சு. இனிமே அவரப் பிடிக்க விட வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக இங்கே வந்துவிட்டேன்.

அந்தத் தாளில் 'கை தவறியதால்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை அடித்துவிடுங்கள். நான் பிடிக்கப்போய்க் கோட்டைவிடவில்லை. பிடிக்கவே போகவில்லை. அவள் விழவேண்டும் என்று திட்டம் போட்டு, விலகி நின்று, வா என்று கூப்பிட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், என்ன தண்டனையானாலும் வாங்கிக்கொள்கிறேன். என் கைக்கு வந்த ஒருவரையும் நான் கீழே விட்டதில்லை. இதை மட்டும் வகுப்பில் இருக்கிறவர்களுக்கு யாராவது படித்துக்காட்டுங்கள் சார். உண்மை தெரிந்துவிட்டால் அவர்கள் பயமில்லாமல் என்மேல் சாய்வார்கள்.