கப்பலில் சாப்பிட ஒரு கோட்

"கடலுக்கு நடுவில கோட் போட்டுக்கொண்டு சாப்பிட எனக்கென்ன விசரே?"

மூதூர் போகும் படகில் எனக்கு முன்னால் இருந்த மீனவர் தன் மனைவியிடம் கேட்டார். அங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இடமில்லாததால் வெங்காய மூட்டைமேல் இருந்தேன்.

"மகள் கனடாவில இருந்து காசு கட்டி உல்லாசக் கப்பலில கூட்டிக்கொண்டு போறாள். இரவுச் சாப்பாட்டுக்குக் கோட் இல்லாட்டில் உள்ள விடமாட்டினமாம்."

"நான் வாழ்நாள் முழுக்கக் கடலில சாப்பிட்டனான். ஒரு மீனும் என்ர உடுப்பைக் குறை சொல்லேல்லை."

"அது வள்ளம். இது கப்பல்."

"கப்பல் கவிண்டால் கோட்டோட எப்படியடி நீந்துறது?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. வராட்டில் அறைக்குள்ள இருந்து பாண் தின்னுங்கோ. கலியாணம் கட்டிப் போனாப்பிறகு பிள்ளை எங்களோட ஒரு மேசையில இருந்து சாப்பிடேல்லை. நான் போகத்தான் போறன்."

அலை ஒன்று உள்ளே தெறித்தது. நனையக்கூடாதென்று மீனவர் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, போடுறன். சாப்பாடு வந்தாப்பிறகு கழற்றலாமோ?"

மனைவி அவருடைய வெறும் உடம்பைப் பார்த்தார்.

"கோட்டை மட்டும்" என்றார்.