விளாங்குடி வீட்டு அட்வான்ஸ்

சரி, சட்டம் பேசினது போதும். பின்னால ரெண்டு பேரு கொட்டாவி விடுறது எனக்கு இங்கேருந்தே தெரியுது. ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைக் கேளுங்க. பேரை மட்டும் மாத்திட்டேன். சொல்லலாமாம்மான்னு அவகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

மாரீஸ்வரின்னு வச்சுக்குங்க. சிவகாசிப் பொண்ணு. ஒரு ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனை பண்ற வேலை. நாலாங்கிளாஸ் படிக்கிற ஒரு மகள். வீட்டுக்காரன் பேரு ஜெயபாண்டி. வெளியில பார்த்தா தங்கமான மனுஷன்... வீட்டுக்குள்ள கை நீட்டுவான். ஒரு தடவை அவ மணிக்கட்டு உடைஞ்சே போச்சு. எலும்பு டாக்டர் கேக்குறாரு, "எப்படிம்மா ஆச்சு?" இவ சொல்றா, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்."

தாய்மார்களே, இங்க எத்தனை பேரு அதே பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்கீங்க? கையைத் தூக்க வேண்டாம்... மனசுக்குள்ள சொல்லுங்க, போதும்.

அந்தக் கை எலும்பு கூடினதும் அவ ஒரு முடிவுக்கு வந்தா. மகளைக் கூட்டிட்டு மதுரைக்குப் போயிரணும். அங்க ஒரு லேப்ல வேலை கிடைச்சுது. விளாங்குடியில மாடி வீடு. கீழ் வீட்டுல ஓனர் ரெஜினா டீச்சர், தனியா இருக்கிறவங்க. டீச்சர் கணக்குக்கு இவ தன்னோட சம்பளக் கணக்குல இருந்து அட்வான்ஸ் அனுப்பிட்டா. நாளைக்குத் தகராறு வரக்கூடாதுன்னு, குறிப்பு எழுதுற இடத்துல 'விளாங்குடி வீட்டு அட்வான்ஸ்'னு போட்டா.

பெத்த அம்மாகிட்ட சொல்லல. கூட வேலை பார்க்கிறவகிட்ட சொல்லல. மகளுக்கே சொல்லல. அப்ப யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும்... டீச்சருக்குத் தெரியும்... பேங்குக்குத் தெரியும். பேங்க் யார்கிட்டப் போய்ச் சொல்லப் போகுது?

அந்த பேங்க்ல கவுண்ட்டர்ல உட்கார்றவரு ரவீந்திரன். சாயங்காலம் ஜெயபாண்டியோட ஷட்டில் ஆடுறவரு. ஒரு நாள் ஏதோ வேலையா மாரீஸ்வரி கணக்கைத் திறந்தாரு... இல்ல, தப்பாச் சொல்றேன். வேலையே இல்ல. நம்ம பாண்டி சம்சாரம் கணக்காச்சே, என்னதான் இருக்குன்னு பார்ப்போமேன்னு திறந்தாரு. அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சு, துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே கேக்குறாரு.

"என்ன பாண்டி, மதுரைக்கு வீடு மாத்துறியா? சொல்லவே இல்ல."

"யாரு சொன்னா?"

"தங்கச்சி கணக்குல பார்த்தேன். விளாங்குடி வீட்டு அட்வான்ஸ்னு ரெஜினாங்கிற பேருக்குப் போயிருக்கு."

ஜெயபாண்டி கத்தினானா? இல்ல. சிரிச்சான். "ஆமா... யோசிச்சிட்டிருக்கோம்"னான். வீட்டுக்குப் போனான், சாப்பிட்டான், தூங்கினான். பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

சனிக்கிழமை. அவன் வேலைக்குக் கிளம்பிப் போயிட்டான்னு இவ நினைக்கிறா. ரெண்டு பையை எடுத்துக்கிட்டு, மகளைக் கையில பிடிச்சுக்கிட்டு மதுரை பஸ் ஏறிட்டா. ஆட்டோ பிடிச்சு விளாங்குடி வந்து இறங்கி, மாடி ஏறுறா. கதவு திறந்திருக்கு. டீச்சர் கூட்டிப் பெருக்கித் திறந்து வச்சிருக்காங்க போலன்னு உள்ள காலை வைக்கிறா...

நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கான் ஜெயபாண்டி.

"வா மாரி... பால் காய்ச்சலாமா?"

மகள் "அப்பா"ன்னு சந்தோஷமா ஓடுது அவன்கிட்ட. பச்சப் புள்ளைக்கு என்ன தெரியும்?

மாரீஸ்வரி என்கிட்ட சொன்னா... "அக்கா, அடி எனக்குப் பழகிப்போச்சு. இவனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னுதான் உடம்பு விறைச்சுப் போச்சு. என் மண்டைக்குள்ள பூந்து பார்த்துட்டானோன்னு இருந்துச்சு."

சத்தம் கேட்டு டீச்சர் மேல வந்தாங்க. ரெஜினா வீடு எதுன்னு விளாங்குடியில விசாரிச்சு முன்னாடியே வந்திருக்கான்; வீட்டுக்காரர்னு அவன் சொன்னதை நம்பித்தான், இவ வர்ற நாளையும் சொல்லி, சாவியையும் குடுத்திருக்காங்க. இவ மூஞ்சியைப் பார்த்தாங்க. "ஏம்மா, இவரு வர்றது உனக்குத் தெரியுமா?" இவ தலையை ஆட்டுறா, இல்லைன்னு.

"தம்பி, நீங்க வெளிய போங்க."

"நான் இவ புருஷன்."

"புருஷனாவே இருங்க, யாரு வேண்டாம்னா? வாடகைக்கு வந்திருக்கிறது அவங்க. அவங்க கூப்பிடாம நீங்க இங்க உட்கார முடியாது."

அவன் எழுந்திருச்சான். போகல. டீச்சர் கண்ணு முன்னாலயே, மகள் கண்ணு முன்னாலயே, மாரீஸ்வரியை மாடிப்படியில தள்ளினான். தோள்பட்டை எலும்பு ரெண்டா முறிஞ்சுது. டீச்சர் போட்ட சத்தத்துல தெருவே கூடி அவனைப் பிடிச்சுது. போலீஸ் வந்து கேஸ் போட்டாங்க.

நானும் சொல்லல, டீச்சரும் சொல்லல, மிச்சம் பேங்க்தானேன்னு, ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே மாரீஸ்வரி பேங்குக்குப் புகார் எழுதினா. யாரு, என்னைக்கு அந்தக் கணக்கைத் திறந்தாங்கன்னு கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்திருச்சு. ரவீந்திரனை சஸ்பெண்ட் பண்ணினாங்க. அவரு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னாரு. "நான் சும்மா கேட்டேன் தங்கச்சி... சத்தியமா சும்மாதான் கேட்டேன்." அழுதாரு.

அவ திரும்பிப் படுத்துக்கிட்டா.

முன் வரிசையில உட்கார்ந்திருக்கிற பேங்க் சார்மார்களே, அவரு ஒத்தப் பைசா எடுக்கல. வெளியில போனது ரெண்டு வார்த்தை... ஒரு ஊர் பேரு, ஒரு ஆள் பேரு. ஒரு உயிர் போகப் பார்த்துச்சு. நம்ம கணக்குல பணம் மட்டுமா இருக்கு? எந்த டாக்டர்கிட்டப் போறோம், யாருக்கு உதவுறோம், எங்க ஓடி ஒளியப் போறோம்... அத்தனையும் இருக்கு. கோர்ட் கேட்டா குடுங்க. சட்டப்படி கேக்க வேண்டிய அதிகாரி கேட்டா குடுங்க. கூட்டாளி கேட்டா, சொந்தக்காரன் கேட்டா வாயைத் திறக்காதீங்க. அண்ணன்மார்களே, பொண்டாட்டி பேருல மட்டும் இருக்கிற கணக்கு அவங்களோடது. தாலி கட்டினதுனால அது உங்களுக்குத் திறக்காது.

தாய்மார்களே, உங்க கணக்கை யாராவது எட்டிப் பார்த்திருக்காங்கன்னு தோணுச்சுன்னா, கூச்சப்படாம எழுதிக் குடுங்க. படுத்த படுக்கையில அவ எழுதினா.

அந்த விளாங்குடி வீட்டுல அவளால இருக்க முடியல. அவனுக்கு இடம் தெரிஞ்சு போச்சே. இப்ப அவளும் மகளும் வேற ஊர்ல நல்லா இருக்காங்க. எந்த ஊருன்னு கேக்காதீங்க... எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.